துப்பாக்கி என்ன விலை? உரிமம் கேட்கும் விதியை அறிவோம்

ஒரு சாதிக் கொலை நடந்த அடுத்த வாரம் சத்தியமங்கலம் வட்டாரத்தில் எந்தக் குடியிருப்பில் கூட்டம் போட்டாலும் பின்வரிசையிலிருந்து யாராவது ஓர் இளைஞர் இதைக் கேட்கிறார்: "கைக்கு அடக்கமா ஒரு துப்பாக்கி என்னங்க வெல வரும்? நம்மளுக்கெல்லாம் குடுப்பாங்களாங்க?" கூட்டம் சிரிக்கும். கேட்டவர் சிரிக்க மாட்டார். அவருக்கு மிரட்டல் வந்திருக்கும். அல்லது அவருடைய அண்ணனுக்கு வந்திருக்கும்.

சினிமா பார்த்துக் கெட்டுப்போன பையனின் பேச்சு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அது பலருக்கும் தெரியாது என்பதுதான் குறை. விலை, உரிமம், அதன் பயன், அதன் எல்லை ஆகிய நான்கையும் இந்த வாரம் பார்ப்போம்.

விதி என்ன சொல்கிறது?

பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1995-இல் வந்தன. அவற்றில் விதி 3, வன்கொடுமை நடப்பதற்கு முன்பே மாநில அரசு செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறது.

வன்கொடுமை நடக்கலாம் என்று நம்பக் காரணமுள்ள பகுதிகளை அரசு முதலில் அடையாளம் காண வேண்டும். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே நேரில் சென்று சட்டம் ஒழுங்கு நிலையை ஆராய வேண்டும். தேவைப்பட்டால் அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதாரிடம் உள்ள துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் பெயரில் உள்ள உரிமங்களுக்கும் இது பொருந்தும். உரிமம் இல்லாத துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இவற்றுக்கு அடுத்து ஐந்தாவதாக வருவதுதான் நம் இளைஞரின் கேள்விக்கு விடை: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவை என்று கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

"தேவை என்று கருதினால்" என்ற சொற்களைக் கவனியுங்கள். கேட்டவுடன் தருவதற்கு இது ரேஷன் அட்டை அல்ல. ஆனால் தேவை இருக்கிறதா இல்லையா என்று அரசு ஆராய்ந்தே தீர வேண்டும். நம் கோரிக்கை கால் ஊன்றி நிற்கும் இடம் இதுதான்.

ஆயுதம் யார் கையில் இருந்தது?

இப்படி ஒரு விதி வந்ததற்கு நீண்ட பின்னணி உண்டு. ஆயுதமும் கல்வியும் மறுக்கப்பட்டதால்தான் அடித்தட்டு மக்களால் வருண முறையை எதிர்த்து எழ முடியாமல் போனது என்று 1936-இல் 'சாதியை ஒழித்தல்' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார். அந்த மகர் சமூகத்தை ராணுவத்தில் சேர்ப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் நிறுத்தினர். மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் கொங்கு மண்ணிலும் ஆயுதம் ஏந்திய கதை உண்டு. தீரன் சின்னமலையின் படையில் நின்று 1805-இல் உயிரைக் கொடுத்த பொல்லான் அருந்ததியர் சமூகத்தில் பிறந்தவர். அவர் பெயரை நாடறியச் சொல்ல இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1878-இல் வெள்ளையர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனப் பாகுபாடு போயிற்று. நிலம் வைத்திருப்பவருக்கான சலுகை போகவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்கும் நாட்டு வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தர வேண்டும் என்கிறது பிரிவு 13. கைத்துப்பாக்கி கேட்பவரோ அதற்குத் தக்க காரணம் உண்டு என்று அதிகாரியை நம்பச் செய்ய வேண்டும். காட்டுப்பன்றியிடமிருந்து சோளத்தைக் காக்கத் துப்பாக்கி பெறுவது எளிது. மனிதனிடமிருந்து உயிரைக் காக்கப் பெறுவது கடினம். நிலமில்லாத நம் மக்கள் முதல் வாசலில் நுழையவே முடியாது.

இதன் விளைவு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தபோது, தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது; கூலி உயர்வு கேட்டவர்களிடம் இல்லை. பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997 டிசம்பர் 1 இரவு 58 தலித்துகளை நிலவுடைமையாளர்களின் ரண்வீர் சேனா சுட்டுக் கொன்றது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் அனைவரையும் 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. விதி 3 உரிமம் தருவதைப் பற்றிப் பேசும் முன்பு எதிர்த்தரப்பின் உரிமத்தை ரத்து செய்வதைப் பற்றிப் பேசுவது ஏன் என்பது இப்போது புரியும்.

என்ன கிடைக்கும், என்ன விலை?

இனி விலைக்கு வருவோம். 9 மில்லிமீட்டர், .38, .45 போன்றவை காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் உரியவை. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. நமக்கு உரிமம் கிடைக்கக்கூடிய கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .32, .22 என்ற இரண்டு அளவுகளுக்குள் அடங்கும். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலிருந்து கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று கைமாறினாலும் லட்சக்கணக்கில் விலை போகிறது. சாதாரண மக்களுக்கு வழி, அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகள்தாம்.

அவற்றில் சிறிய வகைகள் சில. 2014 ஜனவரியில் கான்பூரில் அறிமுகமான 'நிர்பீக்', .32 அளவுள்ள ரிவால்வர். எடை சுமார் 500 கிராம். டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தப்பட்டது. அறிமுகமானபோது விலை 1,22,360 ரூபாய். இஷாப்பூர் தொழிற்சாலையின் 'நிடர்', .22 அளவுள்ளது, சுமார் 250 கிராம், அறிமுகமானபோது விலை சுமார் 35,000 ரூபாய். 2023-இல் வந்த 'பிரபல்', .32 அளவுள்ள ரிவால்வர், சுமார் 700 கிராம். இதைத் தயாரிப்பது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம். நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் இயங்குகிறது.

ரிவால்வரா, பிஸ்டலா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும், அமைப்பு எளிது, தோட்டா சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் இருக்கும். தட்டையாக இருப்பதால் உடலோடு ஒட்டி நிற்கும். ஆனால் அதைக் கையாளக் கூடுதல் பயிற்சி வேண்டும். .22 எடை குறைவு, விலையும் குறைவு. தடுக்கும் வலுவும் குறைவுதான்.

இப்போது கணக்குப் போடுவோம். நிர்பீக் வந்த நிதியாண்டை அடுத்த 2014-15-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 167 ரூபாய். அந்த விலைக்கு 733 நாள் வேலை செய்ய வேண்டும். ஆண்டுக்கு நூறு நாள் முழுதாகக் கிடைத்தாலும் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது! பெண்களுக்கான ஆயுதம் என்று சொல்லி விற்றவர்கள், பவானிசாகர் தோட்டங்களில் பூப் பறிக்கும் பெண்ணை மனதில் வைத்து விலை போடவில்லை.

உரிமம் பெறும் வழி

விண்ணப்பம் அளிக்க வேண்டியது மாவட்ட ஆட்சியரிடம். காவல் ஆணையரகம் உள்ள மாநகரில் ஆணையரிடம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி படிவம் ஏ-1 நிரப்ப வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் 30 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்க வேண்டும்.

மூன்று செய்திகளை மனப்பாடம் செய்துகொள்ளலாம். முதலாவது, 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் இல்லை. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டாவது, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் பிரிவு 14. "காடு தோட்டம் எதுவும் இல்லை, உனக்கெதுக்குத் துப்பாக்கி?" என்று எந்த மேசையிலும் கேட்க முடியாது. மூன்றாவது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய பிரிவு 18 வழி தருகிறது.

உரிமம் கிடைத்தாலும் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு திரிய முடியாது. பொது இடத்தில் உறையில் வைத்து, முழுதாக மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டுதான் எடுத்துச் செல்ல வேண்டும். மறைத்து வைப்பது நம் நாட்டில் சலுகை அல்ல, கட்டாயம். திருமணத்திலோ திருவிழாவிலோ சுட்டால் உரிமம் போவதோடு வழக்கும் வரும்.

குறைந்த விலை என்று கள்ளச் சந்தையில் கிடைக்கும் துப்பாக்கியை ஒருவரும் தொடக் கூடாது. உரிமமின்றி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 ஆண்டிலிருந்து 14 ஆண்டு. மிரட்டப்பட்டவர் உள்ளே போவார். மிரட்டியவர் வெளியே நிற்பார்.

துப்பாக்கி இருந்திருந்தால்?

நம் வட்டாரத்து நிகழ்வுகளை வைத்தே இதை யோசிப்போம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் பொறியியல் மாணவர் சங்கரை அரிவாளால் வெட்டிக் கொன்றனர். அவருடைய துணைவி கௌசல்யா தலையில் வெட்டுப்பட்டு உயிர் தப்பினார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. எல்லாம் நொடிகளில் முடிந்தது. பின்னாலிருந்து வெட்டுபவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுக்க நேரம் தருவதில்லை. கௌசல்யாவுக்கு அப்போது வயது 19. சட்டப்படி அவருக்கு உரிமமே கிடையாது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்டதும் அரிவாளால்தான், பட்டப்பகலில்தான். நல்ல வேலை, நல்ல சம்பளம் இருந்தது. துப்பாக்கி வாங்கும் வசதியும் இருந்திருக்கும். அந்த நொடியில் அது என்ன செய்திருக்கும்?

இன்னொரு சிக்கல் தேர்தல். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைப் பொதுவாகக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் மிரட்டல் உச்சத்தில் இருப்பது அந்த நாட்களில்தான்.

சுட்ட பிறகு வருவது வழக்கு. தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது என்பதும், காவல்துறையின் உதவி பெற நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்பதும் அதன் எல்லைகள். சுட்டவர் தலித், செத்தவர் ஆதிக்கச் சாதி என்றால் அந்த எல்லைகள் எவ்வளவு குறுக்கி அளக்கப்படும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் குழந்தைகள், குடி, மனச்சோர்வு இருந்தால் பகைவனுக்கு வாங்கிய துப்பாக்கி வீட்டாரையே பலிகொள்ளலாம்.

துப்பாக்கியைப் பற்றிச் சத்தியமங்கலத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீரப்பனின் துப்பாக்கிக்கும் அதிரடிப்படையின் துப்பாக்கிக்கும் நடுவே நம் மலைக் கிராமங்கள் பல ஆண்டுகள் நசுங்கின. சோளகரும் ஊராளியும் ஆயுதம் இல்லாமலே இரு தரப்பின் சந்தேகத்துக்கும் ஆளானார்கள். துப்பாக்கி மிகுந்த காலம் இங்கே எளியவருக்குப் பாதுகாப்பான காலமாக இருந்ததில்லை.

அப்படியென்றால் எதற்காகக் கேட்பது?

கேட்க வேண்டும் என்பதே நம் நிலை. துப்பாக்கி கைக்கு வருவதை விட, கேட்கும்போது அரசு என்ன பதில் எழுத வேண்டியிருக்கிறது என்பது முக்கியம்.

"எனக்கு மிரட்டல் இருக்கிறது, பாதுகாப்புத் தாருங்கள்" என்று ஒரு மனு போனால் "விசாரிக்கப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று மூடிவிடலாம். விதி 3-ஐக் குறிப்பிட்டு உரிமம் கேட்டால் அப்படி மூடுவது எளிதல்ல. உரிமம் தந்தால், மிரட்டல் உண்மை என்று அரசு ஒப்புக்கொள்கிறது. அப்போது எதிர்த்தரப்பின் உரிமங்களை ஏன் ரத்து செய்யவில்லை, அங்கே ஏன் சிறப்புக் காவலர்களை நிறுத்தவில்லை என்ற கேள்விகள் தாமாக எழும். மறுத்தால், "தேவையில்லை" என்று ஓர் அதிகாரி கையொப்பமிட வேண்டும். நாளை அந்த மனுதாரருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தக் கையொப்பம் நீதிமன்றத்தில் பேசும். கடமையைப் புறக்கணிக்கும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்க வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 4 இருக்கிறது.

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை நினைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு மிரட்டல் இருந்தது ஊரறிந்தது. விதி 3 வந்து அப்போது இரண்டு ஆண்டு கடந்திருந்தது. ஆபத்தான பகுதியை அடையாளம் காணும் கடமையும் காவலர்களை நிறுத்தும் கடமையும் ஏட்டில் இருந்தன. கடைசி நாள் வரை அவர் அலுவலகப் படி ஏறிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், 1892-இல் மெம்பிஸ் நகரில் தன் நண்பர்களை வெள்ளையர் கும்பல் கொன்ற பிறகு ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அவர் வரலாற்றில் நிற்பது அந்தத் துப்பாக்கியால் அல்ல. ஊர் ஊராகப் போய், கும்பல் கொலைகளைத் தேதி, இடம், சொல்லப்பட்ட காரணம் என்று பதிவு செய்தார். மறுக்க முடியாத கணக்காக அதை உலகின் முன் வைத்தார். கும்பல் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் அந்நாட்டில் 2022-இல்தான் நிறைவேறியது. நம்மிடம் 1989 முதலே சட்டம் இருக்கிறது. கணக்கு வைப்பதும் கேட்பதும்தான் குறைவு.

பதிவின் வலிமைக்குக் கொங்கிலேயே சான்று உண்டு. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார் கோகுல்ராஜ். தற்கொலை என்று மூடப்படவிருந்த அந்த வழக்கைத் திருப்பியதில் கோயிலின் கேமராப் பதிவுக்குப் பெரும் பங்கு உண்டு. தாயின் விடாப்பிடியும், அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞராக நின்ற பவானி பா. மோகனின் உழைப்பும் சேர்ந்தன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டோர் விரும்பும் வழக்கறிஞரை அரசு செலவில் அமர்த்த வழி செய்வதும் இதே 1995 விதிகள்தாம்.

மனு எப்படி இருக்க வேண்டும்?

மிரட்டல் வந்த நாள், நேரம், இடம், சொன்னவர், கேட்டவர் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அலைபேசியில் வந்த குரல் பதிவையும் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

பிறகு ஆட்சியருக்கு மனு. ஈரோட்டில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கலாம். மனுவில் விதி 3-இன் கீழ் நான்கு கோரிக்கைகளை வரிசையாக வையுங்கள்: எங்கள் பகுதியை வன்கொடுமை வாய்ப்புள்ள பகுதி என அறிவியுங்கள், மிரட்டுவோரிடம் உள்ள உரிமங்களை ரத்து செய்யுங்கள், காவல் போடுங்கள், எனக்கு உரிமம் தாருங்கள். புகார்தாரருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தரும் பிரிவு 15ஏ-யையும் சேருங்கள். நகல்களைக் காவல் கண்காணிப்பாளருக்கும், கோபி கோட்டாட்சியருக்கும், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவசரம் என்றால் வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566.

சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டம் தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம், மிரட்டல் குறித்து உடனடி விசாரணை ஆகியவற்றுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் பெயரையும் தேதியையும் மனுவில் எழுதுங்கள்.

மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கோட்ட அளவிலும் குழு உண்டு. அந்தக் கூட்டங்கள் எப்போது நடந்தன, உரிமம் கேட்டு எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனைக்கு உரிமம் தரப்பட்டது, ஆதிக்கச் சாதியினரின் எத்தனை உரிமங்கள் விதி 3-இன் கீழ் ரத்தாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம். 21 வயது நிரம்பாத கல்லூரி மாணவரும் இதைச் செய்யலாம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவும் செய்யலாம். ஒரு தாலுகாவிலிருந்து பத்துப் பேர் கேட்டால் போதும், இந்த விதி ஏட்டிலிருந்து இறங்கி ஆட்சியரின் மேசைக்கு வரும்.